நடுவில் ஆறு பெட்டியைக் காணோம்

ஏணியின் மூன்றாவது படியில் நின்று டேப் கண்களை இறுக மூடிக்கொண்டிருந்தான்.

“அண்ணி, நான் மேல வந்துட்டேனா?”

“தரையிலேருந்து ரெண்டடி வந்திருக்கீங்க, தம்பி.”

“அவ்வளவு உயரமா?”

அண்ணி கூரை மேல் உட்கார்ந்திருந்தாள். அவள் ஒரு தகர ஷீட்டை, சந்தேகமான கடிதத்தைப் பார்ப்பதுபோலத் தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்படிப் பார்ப்பது அவளுக்குப் பழகிய வேலை. தபால் ஆபீசில், முகவரி தப்பிய கடிதங்களுக்குச் சரியான வீட்டைக் கண்டுபிடிக்கும் பிரிவில் இருபது வருடம் இருந்தவள். அதே வேலையை மனிதர்களை வைத்தும் செய்யலாமே என்று ஒருநாள் தோன்றியது. சலவைக் கடைக்கு மேலே ஓர் அறையைப் பிடித்து, ‘துப்பறியும் நிலையம்’ என்று பலகை மாட்டிவிட்டாள்.

டேப் அவளுடைய கணவரின் தம்பி. தையல்கடை வைத்து, வந்த துணியையெல்லாம் ஓர் அங்குலம் சின்னதாகத் தைத்து, கடையை மூடியவன். கழுத்தில் தொங்கிய இஞ்ச் டேப்பை மட்டும் கழற்றவில்லை. பெயரும் அதுவே ஆகிவிட்டது.

கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றவள் அந்த வீட்டுக்காரி. ரயில் நிலையத்தில் அறிவிப்பாளர். கணவர் ரயில் எஞ்சின் டிரைவர். வண்டியோடு போனவர் திரும்பி வர இன்னும் மூன்று நாள் இருந்தது. பதற்றம் வந்தால் அவளுக்கு வீட்டிலும் ஸ்டேஷன் குரல்தான் வரும்.

“டேப் சார், தயவுசெய்து ஏணியின் நடுவில் நிற்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்ளப்படுகிறது.”

“நிக்கலைம்மா. ஒட்டிக்கிட்டு இருக்கேன்.”

பதற்றத்துக்குக் காரணம் இருந்தது. பன்னிரண்டு நாளைக்கு முன்னால் அந்தத் தெருவில் ஆலங்கட்டி மழை பெய்தது. பத்தே நிமிஷம். சில கட்டிகள் கோலிக்குண்டு அளவு, சில எலுமிச்சம்பழம் அளவு. அவள் வீட்டுக்குத் தகர ஷீட் போட்ட சரிவுக் கூரை. தெருப்பக்கச் சரிவில் பன்னிரண்டு ஷீட், தோட்டத்துப் பக்கச் சரிவில் பன்னிரண்டு. மறுநாள் காலையிலேயே ஒரு கூரைக் காண்ட்ராக்டர் வாசலில் வந்து நின்றார். அழைக்காமலே வந்தவர், உட்காரச் சொல்லாமலே உட்கார்ந்தார். நாலு நாள் மேலே ஏறி இறங்கினார். முடிவில் நாக்கைச் சப்புக்கொட்டி, “மொத்தக் கூரையும் போச்சும்மா. ஏழு லட்சத்து இருபதாயிரம் ஆகும். கவலையே படாதீங்க, இன்ஷூரன்ஸ்காரன் குடுத்துடுவான்” என்றார். பாரத்தை அவரே நிரப்பினார். அட்வான்ஸ் ஒரு லட்சத்தையும் அவரே எண்ணி வாங்கிக்கொண்டார்.

இன்ஷூரன்ஸ்காரன் கொடுக்கவில்லை.

இன்ஷூரன்ஸ் சர்வேயர் நேற்று வந்தார், பார்த்தார், உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார்; பயந்துபோய் அவள் அண்ணியைக் கூப்பிட்டாள். இப்போது மறுபடி வந்து, காரை விட்டு இறங்கி, கையில் ஒரு கடிதத்தோடு கேட்டைத் திறந்துகொண்டிருந்தார். இஸ்திரி கலையாத மனிதர். சட்டைப் பையில் மூன்று பேனா.

“மேல யாரு?” என்றார்.

“நான்தான். துப்பறியறவ” என்றாள் அண்ணி.

“இதுல துப்பறிய என்ன இருக்கு? நானே அறிஞ்சுட்டேன்.” சர்வேயர் அறிவிப்பாளரிடம் திரும்பினார். “அன்னைக்குக் காத்து தெருப்பக்கத்துலேருந்து அடிச்சுது. உங்க தெருப்பக்கக் கூரையில அடி விழுந்திருக்கு, ஒத்துக்கறேன். தோட்டத்துப் பக்கம் ஓரத்துல ஆறு ஷீட் பளபளன்னு இருக்கு. நடுவுல ஆறு ஷீட் மட்டும் அம்மை வந்த மாதிரி இருக்கு. ஆலங்கட்டி என்ன, வீட்டு நம்பர் பார்த்து, ஷீட் நம்பர் பார்த்தா விழும்? சுத்தியல் எடுத்துத் தட்டியிருக்கீங்க.”

“நான் தட்டலை சார்!”

“அப்ப சுத்தியல் தானா ஏறிப்போய்த் தட்டிச்சா?”

“காண்ட்ராக்டர் நாலு நாள் மேல இருந்தாரே…”

“அவரைச் சொல்லாதீங்க. என் வீட்டுக்கே வேலை செஞ்சவர். தங்கமான மனுஷன்.” சர்வேயர் கடிதத்தை நீட்டினார். “நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் டைம். நாங்கதான் தட்டினோம்னு எழுதிக் குடுத்தா, பாரத்தை ரத்து பண்றதோட விட்டுடறேன். இல்லைன்னா போலீசுக்கு ஒரு லெட்டர், உங்க ரெண்டு பேரோட ரயில்வே ஆபீசுக்கும் ஒரு லெட்டர். என் கண்ணை யாரும் ஏமாத்த முடியாது.”

கார் கிளம்பிப் போயிற்று. அறிவிப்பாளர் கடிதத்தைப் பிடித்தபடி நின்றாள். ஒரு வேலை போனால் சமாளிக்கலாம். ரெண்டு வேலையும் போனால்?  ஸ்டேஷன் குரல்கூட வரவில்லை.

“தம்பி, மேல வாங்க” என்றாள் அண்ணி. “அளவெடுக்கணும்.”

“கூரைக்கா? சட்டையா, பேன்ட்டா?”

ஆனாலும் ஏறினான். கீழே நிற்பவளின் முகத்தைப் பார்த்த பிறகு ஏறாமல் இருக்க முடியவில்லை. கண்ணைத் திறக்காமல், ஒவ்வொரு படியிலும் ஒவ்வொரு உறவுக்காரரைக் கூப்பிட்டுக்கொண்டு மேலே வந்து, தவழ்ந்து, அண்ணி காட்டிய முதல் பள்ளத்தில் டேப்பை வைத்தான்.

“முக்கால் அங்குலம்.”

“அடுத்தது?”

“ஒண்ணரை.”

“அடுத்தது?”

“அரை. இது ரெண்டே கால். யம்மாடி, இது என் முழங்கை.”

அண்ணி புருவத்தை உயர்த்தினாள். “தம்பி, ஒரு சுத்தியல் எத்தனை அளவுல பள்ளம் போடும்?”

டேப் முதன்முறையாகக் கண்ணைத் திறந்தான். “ஒரே அளவுலதான். அதுக்கு ஒரே தலைதானே?” உடனே கீழே பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொண்டான். “அப்ப சர்வேயர் சொன்னது தப்பு. நிஜ ஆலங்கட்டிதான். கேஸ் முடிஞ்சுது. என்னை இறக்கி விடுங்க.”

“இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. இந்த ஷீட்டோட ஓரத்தைத் தடவிப் பாருங்க. இங்க என்ன இருக்கு?”

டேப் தடவினான். “பாதிப் பள்ளம். பாதி நிலா மாதிரி ஓரத்தோட நின்னுடுச்சு.”

“மீதிப் பாதி?”

“பக்கத்து ஷீட்டுல இருக்கும்…” கை நகர்ந்தது. நின்றது. திரும்பி வந்து மறுபடி நகர்ந்தது. “இல்லையே! பக்கத்து ஷீட் வழவழன்னு இருக்கே!”

“எலுமிச்சம்பழம் அளவு கட்டி ரெண்டு ஷீட் சேர்ற இடத்துல விழுந்தா, ரெண்டையும்தான் நசுக்கும். பாதிக் கட்டி விழறதுக்கு யாரும் வானத்துல கத்தி வச்சுக்கிட்டு உட்காரலை.” அண்ணி கையைத் தட்டித் தூசியை உதறினாள். “இந்த ஷீட்டுங்களை ஆலங்கட்டிதான் அடிச்சுது. ஆனா இந்த வீட்டுல வச்சு அடிக்கலை. அந்த மீதிப் பாதிப் பள்ளம் வேற ஏதோ வீட்டுக் கூரையில இருக்கு. இது முகவரி தப்பி வந்த ஷீட், தம்பி.”

டேப் கண்ணைத் திறந்து அந்த ஓரத்தைப் பார்த்தான். அதிசயமாகத்தான் அப்படி நடக்கும்.

“அதாவது,” என்றான் பிறகு, “வேற வீட்டுல கழட்டின ஓட்டை உடைசலை இங்க மாட்டிட்டு…”

“…இங்க இருந்த நல்லதைக் கழட்டிக்கிட்டுப் போயிட்டார். தெருப்பக்கம் மட்டும் அடின்னா சின்ன பில்லு. ரெண்டு பக்கமும் அடின்னா மொத்தக் கூரை, பெரிய பில்லு. போதாததுக்கு ஆறு நல்ல ஷீட் ஓசி. ஒரே ஏணி, ரெண்டு லாபம்.”

கீழிருந்து அறிவிப்பாளர் கத்தினாள். “ஆனா மேடம், அதை எப்படி நிரூபிக்கிறது? ஷீட்டெல்லாம் ஒரே பச்சை கலர்தானே? நம்ம ஷீட்டுன்னு பேரா எழுதியிருக்கு?”

சொல்லிவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள்.

“மேடம்,” என்றாள் மெதுவாக, “எழுதியிருக்கு. எழுதலை, வரைஞ்சிருக்கு. அடிப்பக்கத்துல.”

தோட்டத்துப் பக்கக் கூரைக்கு நேர் கீழே ஒரு மாடி அறை. ஐந்து வருடத்துக்கு முன்னால், குழந்தை வயிற்றில் இருந்தபோது, பிரசவம் வரைக்கும் எழுந்திருக்கவே கூடாது என்று டாக்டர் அவளைப் படுக்கச் சொல்லிவிட்டார். அவள் படுத்தது அந்த அறையில். காலையிலிருந்து சாயங்காலம் வரை தகரத்தையே பார்த்துப் பார்த்து, ஒருநாள் தலையணையைத் தூக்கிக் கூரையை நோக்கி எறிந்து அழுதாள். அன்று மாலை எஞ்சின் டிரைவர் பெயிண்ட் டப்பாவோடு வந்தார். முதலில் ஓர் எஞ்சின். பிறகு வாரத்துக்கு ஒரு பெட்டி, ஷீட்டுக்கு ஒரு பெட்டி. பதினோரு வாரம், பதினோரு பெட்டி. பன்னிரண்டாவது வாரம் வரைவதற்கு இடமும் இல்லை, தேவையும் இல்லை. மகள் பிறந்துவிட்டாள்.

“அப்ப மேல பார்த்தாலே தெரிஞ்சிருக்குமே!” என்றான் டேப். தரை காலில் பட்டதும் அவனுக்குத் தைரியம் வந்திருந்தது.

“பார்க்க முடியாது சார். காண்ட்ராக்டர் நீலப் பாலித்தீன் இழுத்துக் கட்டியிருக்கார். தண்ணி சொட்டும்னார். அவிழ்த்தா கூரையே சரிஞ்சுடும்னு பயமுறுத்தினார்.”

அண்ணி அறைக்குள் வந்து நிமிர்ந்து பார்த்தாள். வலது ஓரத்தில் கறுப்பு எஞ்சினும் இரண்டு பெட்டிகளும் தெரிந்தன. இடது ஓரத்தில் மூன்று பெட்டிகள். நடுவில் நீலப் பாலித்தீன் தொந்திபோலத் தொங்கியது.

“பாலித்தீன் கயிறு தாங்கியா கூரை நிக்குது? தம்பி, கத்தரிக்கோல்.”

டேப் பையிலிருந்து தையல் கத்தரிக்கோலை எடுத்தான். நாலு வெட்டு. பாலித்தீன் அவன் தலை மேலேயே பொத்தென்று விழுந்தது.

“கூரை விழுந்துடுச்சா?” என்றது பாலித்தீனுக்குள்ளிருந்து ஒரு குரல்.

மற்ற இருவரும் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மேலே நடுவில் ஆறு ஷீட்டும் வெறும் சாம்பல் நிறத் தகரமாக இருந்தன. எஞ்சின், இரண்டு பெட்டி, பிறகு ஒன்றுமே இல்லை, பிறகு மூன்று பெட்டி. தண்டவாளம்கூட அறுந்துபோய் நின்றது.

அறிவிப்பாளர் தரையில் உட்கார்ந்துவிட்டாள். கடிதம் வந்தபோது வராத அழுகை இப்போது வந்தது. “அவர் வண்டியிலேருந்து இறங்கி, குளிக்கக்கூட இல்லாம நேரா இங்க வருவார் மேடம். கண்ணு சொருகும். அப்பவும் ஏணியில ஏறி வரைவார். ஆறு வாரத்தைத் திருடிக்கிட்டுப் போயிட்டான்.”

டேப் பாலித்தீனை விலக்கி வெளியே வந்தான். அவன் முகத்தில் கேலி இல்லை. “அண்ணி, அந்த ஆளோட கிடங்கு எங்க இருக்கு?”

“போற வழியில யோசிக்கலாம். நீங்க இப்ப பெரிய பணக்காரர்.”

“அடடா. எத்தனை மணி வரைக்கும்?”

காண்ட்ராக்டரின் கிடங்கு ஊருக்கு வெளியே, லாரிகள் எடை போடும் இடத்துக்குப் பின்னால் இருந்தது. அவர் இல்லை. வாசலில் ஒரு வேன் டிரைவர் வாளித் தண்ணீரை வைத்து வேனைக் கழுவிக்கொண்டிருந்தார். உள்ளே நசுங்கிய ஷீட்டுகள் ஆளுயரத்துக்கு அடுக்கியிருந்தன. அடுத்த வீட்டுக்குப் போகத் தயாராக.

அண்ணியும் அறிவிப்பாளரும் ஆட்டோவிலேயே இருந்தார்கள். டேப் மட்டும் இறங்கினான். கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு, வயிற்றை முன்னால் தள்ளிக்கொண்டு, மூக்கால் பேசினான்.

“ஏம்ப்பா, பங்களாவுக்குக் கூரை போடணும். நீச்சல்குளத்துக்கும் சேர்த்து.”

“நீச்சல்குளத்துக்கா?”

“தண்ணி நனைஞ்சுடக் கூடாது பாரு.”

டிரைவர் துணியைப் பிழிந்தபடி அவனை மேலும் கீழும் பார்த்தார். பணக்காரர்கள் இப்படித்தான் இருப்பார்கள்போல என்று முடிவு செய்துகொண்டார். “சொல்லுங்க சார், என்ன கலரு?”

“கலரு கிடக்கட்டும். அடிப்பக்கம் படம் போட்ட ஷீட் உண்டா? என் சிநேகிதன் வீட்டுல ரயில் படம் போட்டது பார்த்தேன். ராத்திரி பூரா தூக்கமில்லை.”

“அட, அதுவா!” டிரைவரின் முகம் மலர்ந்தது. “வெளிநாட்டு பிரின்ட் சார் அது. எங்க முதலாளி அப்படித்தான் சொல்லுவார். அது ஒரே ஒரு செட்டு, ஆறு ஷீட்டு. போன வாரம்தான் நானே கொண்டுபோய் இறக்கினேன். சதுர அடிக்குப் பன்னெண்டு ரூபா அதிகம் வாங்கினார்.”

“எங்க இறக்கினே? போய்ப் பார்த்துட்டு அதே மாதிரி சொல்லிடறேன்.”

“காலேஜுக்குப் பின்னால, பச்சை கேட்டு. கார் ஷெட்டு. ஆபீசர் வீடு சார், நாய் கிடையாது, தைரியமா போங்க.”

டேப் வந்து ஆட்டோவில் ஏறினான். “அண்ணி, பணக்காரனா இருக்கிறது ரொம்ப சுலபம். யாரும் எதுவும் கேக்கிறதில்லை.”

பச்சை கேட்டை அடைந்தபோது மணி மூன்று. கேட்டுக்கு உள்ளே, வீட்டை ஒட்டி, உயரமான ஒரு கார் ஷெட். மேலே பச்சை ஷீட்டுகள் வெயிலில் மின்னின. அண்ணி அழைப்பு மணியை அழுத்தினாள்.

கதவு திறந்தது.

மூன்று பேனா வெளியே வந்தது. பின்னாலேயே இன்ஷூரன்ஸ் சர்வேயர்.

டேப் பின்னால் ஓரடி எடுத்து வைத்து, அண்ணியின் காலை மிதித்தான். “ஐயோ, வீடு மாறிப் போச்சு!”

“மாறலை” என்றாள் அண்ணி. காலைத் தடவிக்கொண்டே அவள் சிரித்தாள். அன்று முதன்முறையாக, வாய்விட்டு.

சர்வேயரின் முகம் சிவந்தது. “வீடு தேடி வந்து கெஞ்சினா மட்டும் விட்டுடுவேனா? நாளைக்கு அஞ்சு மணின்னா அஞ்சு மணிதான்!”

“கெஞ்ச வரலை சார். உங்க கார் ஷெட்டுல ஒரு நிமிஷம் நிக்கணும். நீங்களும் கூட நிக்கணும்.”

“எதுக்கு?”

“அங்க ஒரு வண்டி நிக்குதாமே. உங்க கார் இல்லை, இன்னொண்ணு.”

சர்வேயரின் கோபத்துக்கு நடுவே ஒரு பெருமை எட்டிப் பார்த்தது. “ஓ, கூரையா? கேள்விப்பட்டு வந்தீங்களா? வெளிநாட்டு பிரின்ட். இந்த ஊர்ல என்கிட்ட மட்டும்தான் இருக்கு.” அவரே முன்னால் நடந்தார். “ஆலங்கட்டியில என் ஷெட்டும் போச்சு. அந்தக் காண்ட்ராக்டர்தான், சாருக்குன்னு தனியா ஒரு செட்டு வச்சிருக்கேன்னு கொண்டுவந்து மாட்டினார். கலை ரசனை இருக்கிறவங்களுக்குத்தான் புரியும்.”

அவர்கள் நிமிர்ந்தார்கள்.

தலைக்கு மேலே ஆறு பெட்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. சிவப்பு, மஞ்சள், சிவப்பு, நீலம், மஞ்சள், சிவப்பு. ஒரு ஜன்னலில் ஒரு யானை துதிக்கையால் டிக்கெட்டை நீட்டியது. இன்னொன்றில் ஒரு டாக்டர் விரலை ஆட்டி மிரட்டினார். நாலாவது பெட்டியின் ஜன்னலில் ஒருத்தி மலைபோன்ற வயிற்றோடு படுத்துக்கொண்டு, கையில் மைக் வைத்திருந்தாள்.

அறிவிப்பாளர் பெட்டிகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். பிறகு கையை உயர்த்திக் காட்டினாள்.

“சார், அந்த ஜன்னல்ல படுத்திருக்கிறது நான்.”

சர்வேயர் கூரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி கூரையைப் பார்த்தார்.

“மூக்கு மட்டும் கொஞ்சம் பெரிசா போட்டுட்டார்” என்றாள் அவள். “அதுக்காக ரெண்டு நாள் அவரோட பேசலை.”

“வெளிநாட்டுல… இந்த மாதிரி முகம்…” சர்வேயர் தொடங்கினார். 

“பெட்டிக்கு அடியில ஏதோ எழுதியிருக்கே, படிங்க சார்” என்றாள் அண்ணி. “உங்க கண்ணை யாரும் ஏமாத்த முடியாதே.”

சர்வேயர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கழுத்தை வளைத்துப் படித்தார். எழுத்து எழுத்தாக. “‘ஆறாவது வாரம். இன்னைக்கு நீ சிரிச்சே.’”

சமையலறை ஜன்னலிலிருந்து அவருடைய மனைவியின் குரல் வந்தது. “பெயிண்ட்டுல பிரஷ் முடி ஒட்டியிருக்குன்னு அன்னைக்கே சொன்னேன்! யாரு கேட்டா? கலை ரசனையாம்!”

சர்வேயர் கார் பானெட் மேலேயே உட்கார்ந்துவிட்டார். சட்டை கசங்குவதைப் பற்றிக்கூட அவர் கவலைப்படவில்லை. அண்ணி பாதிப் பள்ளத்தைப் பற்றியும், பள்ளங்களின் அளவைப் பற்றியும், பாலித்தீனைப் பற்றியும் நிதானமாகச் சொன்னாள். கேட்கக் கேட்க அவர் தலை குனிந்துகொண்டே போயிற்று. கடைசியில் எழுந்து, அறிவிப்பாளருக்கு முன்னால் வந்து நின்றார்.

“இருபத்தாறு வருஷ சர்வீஸ்மா. உங்க வீட்டுக்கு வந்து உங்களைத் திருடின்னு சொல்லிட்டு, உங்க கூரைக்குக் கீழ வந்து காரை நிறுத்தியிருக்கேன்.”  “அந்த லெட்டரைக் குடுங்க.”

வாங்கி நாலாகக் கிழித்தார். பிறகு, குப்பையைக் கீழே போட மனம் வராமல் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

“லெட்டர் சரி,” என்றான் டேப். “தங்கமான மனுஷனை எப்ப உரசிப் பார்க்கிறது?”

“அவருக்கு நான் இன்னும் மீதிப் பணம் தரணும்…” என்றார் சர்வேயர்.

அண்ணியின் கண்கள் பளிச்சிட்டன. “போன் போடுங்க. மீதிப் பணம் தயார், ஆனா ஷெட்டு ஒழுகுது, வந்து மேல ஏறிப் பாருங்கன்னு சொல்லுங்க.”

இருபதே நிமிஷத்தில் காண்ட்ராக்டர் வந்துவிட்டார். மற்றவர்கள் சமையலறைக்குள் ஒளிந்துகொண்டார்கள். சர்வேயர் மனைவி போட்ட டீயைக் கையில் வைத்துக்கொண்டு, டேப் ஜன்னல் வழியாக உளவு பார்த்தான். காண்ட்ராக்டர் விசிலடித்தபடி ஏணியைச் சாத்தினார், விசிலடித்தபடி ஏறினார், விசிலடித்தபடி மேலே போய்க் குனிந்தார்.

“எங்க சார் ஒழுகுது? ஒண்ணும் தெரியலையே!”

டேப் டீயை ஒரே மடக்கில் முடித்துவிட்டு ஓடினான். ஏணியைக் கண்டாலே நடுங்குகிறவன், அதை இரண்டு கையாலும் கட்டித் தழுவித் தூக்கிக்கொண்டுபோய் கேட்டுக்கு வெளியே போட்டான். “வாழ்க்கையிலேயே ஏணி மேல இன்னைக்குத்தான் பாசம் வந்துது அண்ணி!”

விசில் நின்றது. காண்ட்ராக்டர் ஓரத்துக்கு வந்து எட்டிப் பார்த்தார். கீழே அறிவிப்பாளர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். ஒரு பக்கம் கண்ணாடிச் சில்லு பதித்த மதில். மறுபக்கம் சர்வேயரின் ரோஜாச் செடிகள், ஒவ்வொன்றும் ஆள் உயரம்.

“அம்மா… நீங்க எங்க இங்க?”

“என் ரயிலைப் பிடிக்க வந்தேன்” என்றாள் அவள்.

காண்ட்ராக்டர் நிலைமையைப் புரிந்துகொள்ள அரை நிமிஷம் எடுத்துக்கொண்டார். பிறகு கைகளை விரித்தார். “வேலையாளுங்க மாத்திப் போட்டுட்டாங்கம்மா! நான் அட்வான்ஸைத் திருப்பிக் குடுத்துடறேன். முதல்ல ஏணி.”

“ஏணிக்கு எஸ்டிமேட் வேணும்” என்றாள் அண்ணி. “அவங்க வீட்டுல தெருப்பக்கம் மட்டும் மாத்தறதுக்கு நிஜமா என்ன ஆகும்? சர்வேயர் சார் எழுதிக்குவார்.”

“அது… ஒரு அஞ்சு லட்சம்…”

“தம்பி, வாங்க, டீ ஆறிடும்.”

“நில்லுங்க! நாலு!”

தகரம் வெயிலில் காய்ந்து கிடந்தது. காண்ட்ராக்டர் ஒரு காலை மாற்றி ஒரு காலில் நின்றார்.

“மூணு! ரெண்டரை!”

“கூரைக்காரர் கூரை மேல நின்னு ஏலம் விடறதை இன்னைக்குத்தான் பார்க்கிறேன்” என்றான் டேப். “செருப்பைக் கழட்டிட்டு ஏறினாரா, போட்டுக்கிட்டு ஏறினாரா?”

“கழட்டிட்டு” என்றார் சர்வேயர் மனைவி ஜன்னலிலிருந்து. “இதோ, இங்க கிடக்கு.”

“ஒண்ணு இருபது!” காண்ட்ராக்டர் அலறினார். “பன்னெண்டு ஷீட்டு, ஆணி, கூலி, வண்டி வாடகை எல்லாம் சேர்த்து! அதுக்கு மேல ஒரு பைசா ஆகாது! எங்க அம்மா மேல சத்தியம்!”

சர்வேயர் மூன்று பேனாவில் ஒன்றை எடுத்து எழுதினார். “ஒரு லட்சத்து இருபதாயிரம். பாஸ் பண்ணிடறேன்.” பிறகு தலையைத் தூக்கி, “இப்ப என் ஷெட்டுக்கு வாங்கினியே, அதுல வெளிநாட்டு பிரின்ட்டுக்கு எவ்வளவு?” என்று கேட்டார்.

பதிலுக்குக் காத்திராமல் போலீசுக்குப் போன் போட்டார். போலீஸ் வந்துதான் ஏணியைச் சாத்தியது. இறங்கும்போது காண்ட்ராக்டர் இரண்டு கால்களையும் ஊதிக்கொண்டே இறங்கினார். கிடங்கில் அடுக்கியிருந்த ஷீட்டுகள் மூலமாக ஏமாந்துபோன மேலும் ஏழு வீடுகள் வெளியே வந்தன.

மூன்று நாள் கழித்து எஞ்சின் டிரைவர் திரும்பினார். வேறு கூரைக்காரர்கள் இரண்டு பேர் மேலே ஏறி, ஆறு ஷீட்டுகளையும் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தார்கள். டிரைவர் மாடி அறைத் தரையில் மல்லாந்து படுத்துக்கொண்டு கட்டளையிட்டார். வழக்கமாக மற்றவர்களின் கொடியைப் பார்த்து வண்டியை நகர்த்துகிறவர், அன்று தானே கையை ஆட்டினார்.

“பின்னாடி… இன்னும் பின்னாடி… ஏய், மஞ்சள் பெட்டி முன்னால வரக் கூடாது! அது நாலாவது வாரம்! சிவப்பு வரட்டும்!”

“சார், எதைப் போட்டாலும் மழை ஒழுகாது சார்!” என்று மேலிருந்து சத்தம் வந்தது.

“ஒழுகினாக்கூடப் பரவாயில்லை, வரிசை மாறக் கூடாது!”

அறை வாசலில் நின்ற டேப், அண்ணியின் காதில் கிசுகிசுத்தான். “இவர் ஓட்டற வண்டியில நான் ஏறவே மாட்டேன்.”

கடைசி ஷீட் இறங்கியது. வானம் தெரிந்த இடம் மூடிக்கொண்டது. தண்டவாளம் ஒரு மயிரிழை பிசகாமல் சேர்ந்துகொண்டது. அறிவிப்பாளர் வந்து, கணவருக்குப் பக்கத்தில் தரையில் படுத்தாள். மகள் ஓடிவந்து இருவருக்கும் நடுவில் இடம் பிடித்தாள்.

“எல்லாம் சரியா இருக்கா?” என்றார் அவர்.

“பேசாம இருங்க” என்றாள் அவள், மேலே பார்த்தபடி. “எண்ணிக்கிட்டு இருக்கேன்.”